விண்டோஸ் 8 பிடிக்காமல் போனதால்தான் கம்ப்யூட்டர் விற்பனை விழுந்ததா?

குறுக்குவழி:

வீட்டில் நேற்று ராத்திரி ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். அண்ணன் சொல்வது இது: 2012 அக்டோபர் 26-ல் விண்டோஸ் 8 வந்தது, இத்தனை வருடம் கை பழகிய ஸ்டார்ட் பட்டனைத் தூக்கிவிட்டுத் திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டம் அடுக்கி வைத்தார்கள், யாருக்கும் பிடிக்கவில்லை, அடுத்த சில மாதங்களிலேயே கம்ப்யூட்டர் விற்பனை படுத்துவிட்டது, இதில் பேச என்ன இருக்கிறது என்கிறான். எனக்கு இது ஒட்டவில்லை. முகப்பு பிடிக்கவில்லை என்பதற்காக லட்சக்கணக்கான பேர் மெஷின் வாங்குவதையே நிறுத்திவிடுவார்களா? பழையது செத்துப்போனால் வாங்கித்தானே ஆக வேண்டும்?

அதற்காக விண்டோஸ் 8-க்கு வக்காலத்து வாங்கவில்லை. அப்பாவுக்கு அதைப் போட்ட லேப்டாப்தான் வாங்கினோம். முதல் நாள் மெயில் பார்த்து முடித்துவிட்டு அணைக்கப் பார்க்கிறார், இடது மூலையில் பட்டன் இல்லை. மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் ஓரத்திலிருந்து ஒரு பட்டை எட்டிப் பார்க்கும், அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். இதை எந்த மனுஷன் தானாகக் கண்டுபிடிப்பான்? மூன்று நாள் மூடியை மட்டும் சாத்திவிட்டு எழுந்து போனார். நாலாவது நாள் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அணைகிறது என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். அப்படி அணைக்கக் கூடாது என்றேன். "அப்புறம் இந்தப் பட்டனை எதுக்கு வெச்சிருக்கான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆக எரிச்சல் இருந்தது நிஜம், அதைப் பற்றிச் சந்தேகமே இல்லை. அந்த எரிச்சல் உலக அளவிலான விற்பனைக் கணக்கில் தெரியும் அளவுக்குப் பெரியதா என்பதுதான் கேள்வி. தேதியும் எண்ணும் கையில் வைத்திருப்பவர்கள் பேசுங்கள். "எனக்குப் பிடிச்சது, எனக்குப் பிடிக்கலை" ரகப் பதில்கள் வேண்டாம், அது வீட்டிலேயே ஏகத்துக்கு இருக்கிறது.


ஓரத்து மவுஸ்:

உங்கள் அண்ணனுக்குச் சாதகமாகக் கனமான சாட்சி ஒன்று இருக்கிறது, அதை முதலில் போட்டுவிடுகிறேன். 2013-ன் முதல் காலாண்டுக்கு ஐடிசி கொடுத்த கணக்குப்படி உலகம் முழுக்க 7.63 கோடி பிசிக்கள்தான் போயின, முந்தைய வருடத்தின் அதே மூன்று மாதத்தைவிட 13.9 சதவீதம் குறைவு. 1994-லிருந்து அவர்கள் காலாண்டுக் கணக்கு வைக்கிறார்கள், அதில் அதைவிட மோசமான சரிவு அதுவரை இல்லை. இதில் முக்கியம் என்னவென்றால், விண்டோஸ் 8 சந்தைக்குக் கை கொடுக்கவில்லை என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை, சந்தையின் வேகத்தையே குறைத்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். விற்பனையை எண்ணுவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் இப்படி ஒரு மென்பொருளின் பேரைச் சொல்லிக் கை நீட்டுவது அபூர்வம்.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதும் புரிகிற விஷயம்தான். அந்த முகப்பு விரலுக்காகச் செய்தது. ஆனால் 2012 கடைசியில் விற்பனைக்கு வந்த லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்கு டச் ஸ்கிரீன் கிடையாது, டச் உள்ளதற்கு விலை கூடுதல். ஆக வாங்குகிறவருக்கு இரண்டு வழி: ஒன்று, கூடக் காசு கொடுத்து டச் வாங்கு, இல்லை விரலுக்குச் செய்ததை மவுஸால் ஓட்டு.

சரி, அதையாவது முழுசாகச் செய்தார்களா? டெஸ்க்டாப்பில் ஒரு பிடிஎஃப் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் பொத்தென்று முழுத்திரை ஆப் ஒன்றுக்குள் தூக்கிப் போட்டுவிடும். மேலே எக்ஸ் குறி இருக்காது. டாஸ்க்பாரும் இருக்காது. மூட வேண்டுமானால் திரையின் உச்சியைப் பிடித்து அடிவரை இழுக்க வேண்டும், அல்லது ஆல்ட் எஃப்4 தெரிந்திருக்க வேண்டும். கண்ட்ரோல் பேனல் ஒரு பக்கம், பிசி செட்டிங்ஸ் என்று இன்னொன்று வேறு பக்கம், எது எங்கே இருக்கிறது என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது என் நெடுநாள் சந்தேகம். சாலிட்டேரைக்கூட எடுத்துவிட்டார்கள், ஸ்டோரில் போய் இறக்கிக்கொள்ள வேண்டும். சீட்டாட மட்டுமே கம்ப்யூட்டரைத் திறக்கிற ஒரு பெரிய கூட்டம் உலகத்தில் உண்டு என்பதை எப்படித்தான் மறந்தார்களோ.

மைக்ரோசாஃப்ட்டும் மறைமுகமாக ஒப்புக்கொண்டதுதான். ஒரு வருடத்துக்குள், 2013 அக்டோபரில், 8.1 கொண்டுவந்து பட்டனைத் திருப்பி வைத்தார்கள். பட்டன்தான் வந்தது, அதை அமுக்கினால் அதே கட்டம்! பழையபடி மெனு வர விண்டோஸ் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் 2014 ஜனவரியில் எச்பி தன் சொந்த இணையதளத்தில் விண்டோஸ் 7 மெஷின்களை முன்னால் எடுத்து வைத்து, மக்கள் கேட்டதால் மறுபடி வந்திருக்கிறது என்று விளம்பரம் போட்டது. புது சரக்கு கையில் இருக்கும்போது நாலு வயதுப் பழைய சரக்கைக் கூவி விற்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? அண்ணன் கட்சிதான் நான்.


பழைய பிட்:

மேலே உள்ள எண்கள் சரி. ஆனால் கதையைப் பாதியில் ஆரம்பித்திருக்கிறீர்கள்.

விண்டோஸ் 8 வெளிவந்தது அக்டோபர் கடைசியில். அதற்கு முந்தைய காலாண்டை, 2012 ஜூலை முதல் செப்டம்பர் வரை, எடுத்துப் பாருங்கள். ஐடிசி, அதே மாதிரி விற்பனையை எண்ணும் கார்ட்னர், இரண்டு பேர் கணக்கிலும் 8 சதவீதத்துக்கு மேல் சரிவு. இன்னும் கடைக்கே வராத ஒன்றைப் பிடிக்காமல் யாரும் வாங்காமல் இருந்திருக்க முடியாது. "புதுசு வரட்டும் என்று காத்திருந்தார்கள்" என்று உடனே ஒருவர் வருவார், வரட்டும். காத்திருந்தவர்கள் அக்டோபர் முடிந்ததும் வந்திருக்க வேண்டுமே? கடைசிக் காலாண்டும் சரிவுதான்.

அடுத்தது விண்டோஸ் விஸ்டா. இதைத்தான் இந்த விவாதத்தில் யாருமே தொடுவதில்லை. 2007 ஜனவரி 30-ல் பொதுமக்களுக்கு வந்தது, வந்த நாளிலிருந்து திட்டுதான். மெதுவாக ஓடியது, பிரிண்டர் டிரைவர் கிடைக்காது, எதைத் தொட்டாலும் திரையை மங்கலாக்கி "அனுமதிக்கலாமா" என்று கேட்கும். அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியையே போட்டுக்கொடுங்கள் என்று ஜனங்கள் கெஞ்சினார்கள், தயாரிப்பாளர்களும் போட்டுக்கொடுத்தார்கள். விண்டோஸ் 8 வாங்கிய திட்டுக்குக் கொஞ்சமும் குறையாத திட்டு. அந்த வருடம் பிசி விற்பனை விழுந்ததா? இல்லை, 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது!

இப்போது இதற்கு நேர் எதிரானது. 2015 ஜூலை 29, விண்டோஸ் 10. ஸ்டார்ட் மெனு திரும்பி வந்துவிட்டது, விமர்சனம் எழுதியவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், எல்லோருக்கும் ஓரளவு பிடித்துத்தான் இருந்தது. விற்பனை? கார்ட்னர் கணக்கில் 2015-ல் 8 சதவீதம் குறைந்தது, 2016-ல் மறுபடியும் 6 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. திட்டு வாங்கிய விஸ்டா காலத்தில் ஏறுகிறது, நல்ல பேர் வாங்கிய 10 காலத்தில் இறங்குகிறது. அண்ணனின் தியரிக்கு இதைவிடப் பெரிய ஓட்டை வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது. 2013 ஜனவரி முதல் மார்ச் வரை ஆப்பிள் விற்ற மேக்குகள் 40 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, முந்தைய வருடம் அதே மூன்று மாதத்தில் 40 லட்சம். விண்டோஸ் 8-ஐக் கண்டு பயந்து ஓடியவர்கள் எல்லாம் மேக் பக்கம் போயிருந்தால் அங்கே கூட்டம் அலைமோதியிருக்க வேண்டும். அங்கேயும் ஈ ஓட்டவில்லை என்றாலும் கூட்டம் ஒன்றும் கூடவில்லை.

அப்படியானால் என்ன நடந்தது? என் பார்வையில், பழைய காலத்தில் புது விண்டோஸ் வந்தால் புது மெஷின் வேண்டும் என்பது கிட்டத்தட்ட விதி. 95 வந்தபோது ரேம் போதவில்லை, எக்ஸ்பி வந்தபோது போதவில்லை, விஸ்டா வந்தபோது கிராபிக்ஸ் கார்டே போதவில்லை. விண்டோஸ் பிடித்ததோ இல்லையோ, அதுவே பழைய மெஷினைக் கிழடாக்கிவிடும், ஜனங்கள் புதுசு வாங்குவார்கள். 7-க்குப் பிறகு அது நின்றுவிட்டது. 7, 8, 10 மூன்றுக்குமே 32 பிட் பதிப்பை ஓட்ட 1 ஜிபி ரேம் போதும் என்றுதான் பெட்டியில் போட்டிருக்கும். சொல்லப்போனால் பழைய லேப்டாப்பில் 7-ஐவிட 8 சீக்கிரம் பூட் ஆகும் (திட்டுகிறவர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்). கூடவே ஒரு எஸ்எஸ்டி போட்டுவிட்டால் அஞ்சு வருடப் பழசு புதுசு மாதிரி ஓடுகிறது. 2016-ல் இன்டெலின் அப்போதைய தலைவர் பிரையன் கிரசானிச்சே சொன்னார், 4 வருடத்துக்கு ஒருமுறை மெஷின் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் 5, 6 வருடம் வைத்துக்கொள்கிறார்கள் என்று. 4 வருடம் என்பது 5 ஆனாலே வருடாந்தர விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொண்டு போக வேண்டியதே இல்லை.


சும்மா வந்தவன்:

தேதி, எண் எதுவும் என்னிடம் இல்லை. குறுக்குவழி, உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பட்டனை அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்ற இடத்தில் ஷட் டவுன் என்று மாற்றி வையுங்கள். அப்புறம் அழுத்திப் பிடிக்க வேண்டாம், ஒரு தட்டு தட்டினால் ஒழுங்காகவே அணையும். நான் விண்டோஸ் 8-ல் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன், அந்த வலது மூலைப் பட்டையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.


பெட்டி திறப்பவன்:

நான் ஒரு நிறுவனத்தின் ஐடி பிரிவில் இருக்கிறேன், அந்தக் காலகட்டத்தில் மெஷின் வாங்குவது, பிரித்து அடுக்குவது, சாஃப்ட்வேர் போட்டு ஆட்களுக்குக் கொடுப்பது எல்லாம் என் தலையில்தான். மேலே பேசுகிற இரண்டு பேரும் வீட்டுக்கு வாங்குகிறவர்களை மட்டும் நினைத்துப் பேசுகிறீர்கள். மொத்த விற்பனையில் ஆபீஸ்கள் வாங்குவது கொஞ்சநஞ்சம் இல்லை.

எங்களிடம் 2013-ல் விண்டோஸ் 8 பற்றிய பேச்சே எழவில்லை. அப்போதுதான் எக்ஸ்பியிலிருந்து 7-க்கு மாறிக்கொண்டிருந்தோம். ஆனால் மெஷின் வாங்குவதை நிறுத்தினோமா என்றால் ஒரு மாதம்கூட நிறுத்தவில்லை. வந்த ஒவ்வொரு பெட்டியிலும் விண்டோஸ் 8 ப்ரோ லைசென்ஸ்தான் இருந்தது, ஏனென்றால் அந்த லைசென்ஸ் இருந்தால் 7 ப்ரொஃபஷனலுக்கு இறங்கிக்கொள்ள உரிமை உண்டு. எங்கள் வேலை என்னவென்றால் பெட்டியைப் பிரி, மெஷினை ஆன் பண்ணு, கட்டம் கட்டமாக அந்தத் திரை வருவதற்குள் எஃப்2 தட்டி உள்ளே போ, செக்யூர் பூட்டை (அனுமதி இல்லாத சிஸ்டம் ஏறாமல் தடுக்கும் பூட்டு) அணை, பழைய பூட் முறைக்கு மாற்று, முழுசாகத் துடைத்துவிட்டு 7 இமேஜைப் போடு. செக்யூர் பூட்டை அணைக்க மறந்தால் 7 ஏறாது, கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். ஒருநாள் முழுக்க அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வரிசையாக ஒன்பது மெஷின், ஒன்பதிலும் அதே வரி. அப்புறம்தான் என்கூட இருந்த தம்பி அந்த வரிசைக்கு மட்டும் எஃப்2 தட்டாமல் விட்டிருக்கிறான் என்று தெரிந்தது.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், 2013 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 10 கோடி விண்டோஸ் 8 லைசென்ஸ் விற்றாகிவிட்டது என்று சொன்னபோது நாங்கள் துடைத்தெறிந்ததும் அந்தக் கூட்டுத்தொகைக்குள்தான் இருந்தது. பிடிக்கவில்லை என்றால் விற்பனை குறைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிடிக்காததை வாங்கி, அழித்துவிட்டு, பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு அதனால் ஆனது ஒரு மெஷினுக்கு முக்கால் மணி நேரக் கூடுதல் வேலை. அது எந்தக் கணக்கிலும் ஏறாது. வீட்டுக்காரர்களும் இதைத்தான் வேறு வகையில் செய்தார்கள், பழைய ஸ்டார்ட் மெனுவைத் திருப்பித் தரும் கிளாசிக் ஷெல்லை இறக்கிப் போட்டுக்கொண்டார்கள், அதே வேலைக்கு ஸ்டார்ட்8-ஐக் காசு கொடுத்து வாங்கினார்கள். லெனோவோ 2013-ல் தானே ஒரு ஸ்டார்ட் மெனுவைச் சேர்த்து மெஷினை அனுப்ப ஆரம்பித்தது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. அந்த நாளை வைத்து ஆபீஸ்களெல்லாம் ஓட்டமாக ஓடி வாங்கின, நாங்களும் ஓடினோம். ஏப்ரல் முதல் ஜூன் வரையான கணக்கைப் பார்த்தால் இரண்டு வருடமாக விழுந்துகொண்டிருந்தது கிட்டத்தட்ட நின்றிருக்கும், கார்ட்னர் கணக்கில் 0.1 சதவீதம் ஏறக்கூடச் செய்தது. அப்போது சந்தையில் இருந்ததும் அதே கட்டம் போட்ட 8.1-தான். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கழுத்தில் கத்தி வந்ததும் மெஷின் விற்றது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எல்லோரும் தவறவிடுவது. ஐடிசியும் கார்ட்னரும் முதன்மையாக எண்ணுவது ஷிப்மென்ட், அதாவது தயாரிப்பாளரிடமிருந்து விற்பனையாளருக்குப் போனது. உங்கள் அண்ணன் மாதிரி ஆள் கடையில் காசு கொடுத்து வாங்கியதை அல்ல. கடைக்காரர் பயந்துபோய் ஆர்டரைக் குறைத்தாலும் அந்த எண் விழும், போன காலாண்டுச் சரக்கு விற்காமல் கிடந்தாலும் விழும். ஒரே காலாண்டுக்கு ஒருவர் 13.9 என்கிறார், இன்னொருவர் 11.2 என்கிறார். எதைப் பிசி என்று எண்ணுவது என்பதிலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாது.


குறுக்குவழி:

எல்லோருக்கும் நன்றி, அண்ணனுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். விஸ்டா வந்ததும் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் விடுகிற ஆள் இல்லையே. அவன் இப்போது சொல்வது: ஆபீஸ்காரன் வாங்கித்தான் ஆக வேண்டும், அவனைக் கணக்கில் சேர்க்காதே. 2007-ல் விஸ்டா பிடிக்காதவனுக்குப் போக்கிடம் இல்லை, அதனால் திட்டிக்கொண்டே வாங்கினான், 2012-ல் போக்கிடம் இருந்தது, அதனால் போய்விட்டான். இதற்கு என்ன சொல்வது?


நிழல் கோப்பு:

இப்போதுதான் உங்கள் அண்ணன் சரியான இடத்துக்கு வந்திருக்கிறார். நான் அவரோடு பெரிய அளவுக்கு ஒத்துப்போகிறேன், பழைய பிட் கோபிக்கக் கூடாது.

2007-ல் கம்ப்யூட்டர் செய்கிற வேலையை வீட்டில் வேறு எதுவும் செய்யாது. மெயில், போட்டோ, பாட்டு, பாட்டியுடன் வீடியோவில் பேசுவது, எல்லாவற்றுக்கும் அதுதான். விஸ்டாவைப் பிடிக்காதவர் எக்ஸ்பி போட்ட மெஷின் தேடினார், கொஞ்சம் பேர் மேக் வாங்கினார்கள், அந்த வருடக் கடைசியில் அசுஸ் ஈ பிசி மாதிரிக் குட்டி லேப்டாப்கள் வந்தன. அந்தக் குட்டிகளுக்கு விஸ்டாவைச் சுமக்கத் தெம்பு இல்லை, அதனாலேயே மூடுவிழா நடத்தவிருந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆயுளை நீட்டிக் கொடுத்தது. பாருங்கள், எங்கே ஓடினாலும் அது கம்ப்யூட்டர்தான், பிசி கணக்கில்தான் ஏறும்.

2012-ல் நிலைமை அது இல்லை. ஐபேட் வந்து இரண்டரை வருடம் ஆகிவிட்டது, கையில் பெரிய திரை வைத்த போனும் வந்துவிட்டது. என் சித்தி விஷயத்தைச் சொல்கிறேன். சித்தி ஒரு கடிதம் தட்டிக்கொண்டிருந்தார், கட்டைவிரல் டச்பேடின் ஓரத்தில் லேசாகப் பட்டது. இடது ஓரத்திலிருந்து உள்ளே வழுக்கினால் வேறு ஆப்புக்குத் தாவுவது என்பது அந்த விண்டோஸின் சைகை. கடிதம் காணாமல் போய் வானிலை வந்து நின்றது, முழுத்திரைக்கு மேகம். சித்தி இரண்டு கையையும் தூக்கிவிட்டார், ஏதோ சுட்ட மாதிரி. "நான் எதையும் தொடலைடா, அதுவாப் போயிடுச்சு" என்றார். அவர் சொன்னது உண்மைதான், அவர் அறிந்து எதையும் தொடவில்லை. அதன்பிறகு அந்த லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று பார்ப்பார். ஆறு மாதம் கழித்து ஒரு டேப்லெட் வாங்கினார், அதில் பார்த்தால் அதே மாதிரி கட்டம் கட்டமாக ஐகான்தான் இருக்கிறது, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை!

இதை எந்தக் கணக்கில் வைப்பது? டேப்லெட் இல்லாவிட்டால் சித்தி முனகிக்கொண்டே அந்த லேப்டாப்பில் கிடந்திருப்பார், கெட்டுப்போனதும் இன்னொன்று வாங்கியிருப்பார். விண்டோஸ் 8 அவரை அப்படி அலைக்கழிக்காவிட்டால் டேப்லெட்டை இன்னும் இரண்டு வருடம் கழித்து வாங்கியிருப்பார். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன. இதைப் பிரித்து இவ்வளவு சதவீதம் இதனால், அவ்வளவு சதவீதம் அதனால் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை, டேப்லெட்டுக்கு ஆள் போவதைத் தடுக்கத்தான் மைக்ரோசாஃப்ட் அந்த முகப்பையே செய்தது. மேசைக் கம்ப்யூட்டரும் டேப்லெட்டும் ஒரே மாதிரி இருந்தால் ஜனங்கள் தங்கள் டேப்லெட்டையும் வாங்குவார்கள் என்று கணக்கு. அப்படி வந்த சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டில் பழைய விண்டோஸ் மென்பொருள் எதுவும் ஏறாது, பார்க்க மட்டும் அச்சு அசல் விண்டோஸ். தேங்கிய சரக்குக்காக 2013 ஜூலையில் 90 கோடி டாலரை நஷ்டமாக எழுதினார்கள். விருந்தாளிக்காக வீட்டை இடித்துக் கட்டினார்கள், விருந்தாளி வரவில்லை, வீட்டில் இருந்தவருக்குப் படுக்கையறை எது என்று தெரியவில்லை.


பழைய பிட்:

கோபம் இல்லை. ஆனால் சித்தி டேப்லெட் வாங்கியதற்கு விண்டோஸ் காரணம் என்றால், விண்டோஸ் 10 நல்ல பிள்ளையாக வந்ததும் சித்தி லேப்டாப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பினாரா?


நிழல் கோப்பு:

இல்லை, திரும்பவில்லை. அந்தப் பழைய லேப்டாப்பில்தான் 10-ஐ இலவசமாக ஏற்றிக் கொடுத்தேன், அது வேறு. முதல் வருடம் 7, 8 வைத்திருந்த எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்தார்களே, நல்ல விண்டோஸுக்காகப் புது மெஷின் வாங்க நினைத்திருந்த கொஞ்சநஞ்சம் பேரும் அதோடு நின்றுவிட்டார்கள். இதை உங்கள் பக்கத்துப் புள்ளியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போனவர் திரும்பவில்லை என்பது, போகக் காரணமே இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது.


கடைசி பூட்:

யாரும் விண்டோஸ் 11-ஐத் தொடவில்லையே. 2021 அக்டோபர் 5-ல் வந்தது. டாஸ்க்பாரை நடுவில் கொண்டுவந்தார்கள், பக்கவாட்டில் நகர்த்தும் வசதியோடு வரவில்லை, ரைட் கிளிக் மெனுவைச் சுருக்கிப் பாதி விஷயத்தை இன்னொரு கிளிக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். இன்றைக்கும் நான் ஒவ்வொரு மெஷினிலும் முதலில் அந்த ரைட் கிளிக்கைத்தான் பழையபடி மாற்றுகிறேன். இதற்கும் திட்டு விழுந்தது.

அதே நேரத்து எண்களை எடுத்தால், ஐடிசி கணக்கில் 2021-ல் 35 கோடிக்குக் கொஞ்சம் குறைவு, 2022-ல் 29 கோடிச் சில்லறை, 2023-ல் 26 கோடிக்கும் கீழே. விண்டோஸ் 8-க்குச் சொல்கிற மாதிரியே, ஐகானை நடுவில் வைத்ததால் இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 9 கோடி போய்விட்டது என்று சொல்லலாமா? யாரும் சொல்வதில்லை. கொரோனா சமயத்தில் வீட்டுக்கு ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிட்டார்கள், அதனால் அடுத்த இரண்டு வருடம் வாங்க ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், காரணம் கண்ணெதிரே நடந்தது. 2013-ல் காரணம் மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது, கட்டம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் பழி அதன்மேல் விழுந்தது என்பது என் எண்ணம்.

விண்டோஸ் 11 விஷயத்தில் விற்பனையை அசைத்தது அழகும் இல்லை அசிங்கமும் இல்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசஸராக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும் என்று போட்ட நிபந்தனை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தினார்கள். ஜனங்கள் அதற்கும் உடனே அசையவில்லை, எந்த விண்டோஸை எவ்வளவு பேர் ஓட்டுகிறார்கள் என்று பார்க்கும் ஸ்டேட்கவுன்டர் கணக்கில் 11 என்பது 10-ஐத் தாண்ட 2025 ஜூலை வரை ஆனது. 2025 அக்டோபர் 14-ல் 10-க்கு ஆதரவு முடிகிறது என்ற தேதி நெருங்கியதும் ஷிப்மென்ட் ஏறியது. பெட்டி திறப்பவன் சொன்ன எக்ஸ்பி கதையேதான், பதினோரு வருடம் கழித்து.


ஓரத்து மவுஸ்:

விஸ்டா, 10 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது எனக்கும் கொஞ்சம் இடித்தது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் 13.9-ல் ஒரு பங்காவது அந்தக் கட்டத்தின் பேரில்தான் எழுதுவேன், அதை மட்டும் கேட்காதீர்கள்.


குறுக்குவழி:

அண்ணன் இப்போது "விண்டோஸ் 8 சரிவை ஆரம்பிக்கவில்லை, தள்ளிவிட்டது" என்கிறான். நேற்று ராத்திரி சொன்னது இது இல்லை என்று எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும், விட்டுவிட்டேன். சும்மா வந்தவன் சொன்ன பவர் பட்டன் வித்தையை அப்பாவின் லேப்டாப்பில் செய்துவிட்டேன், இப்போது அவரிடம் இருப்பது விண்டோஸ் 11, ஆனாலும் இத்தனை வருடமும் அழுத்திப் பிடித்துத்தான் அணைத்துக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.


பெட்டி திறப்பவன்:

அப்பாவுக்கு என் வணக்கம். இங்கே திங்கட்கிழமை அறுபது பெட்டி வருகிறது, எல்லாம் 10-லிருந்து 11-க்கு மாறுகிறவர்களுக்கு. இந்தத் தடவை துடைத்துவிட்டுப் பழசைப் போட வழி இல்லை. ஸ்டார்ட் பட்டனை இடது பக்கம் தள்ளி வைக்கிற வரியை ஸ்கிரிப்டில் முதல் வரியாகச் சேர்த்தாகிவிட்டது.